சர்வர் ஓடுகிறது, இன்ஸ்டாலரில் மட்டும் டிஸ்க் தெரியவில்லை: கார்டு போய்விட்டதா?

மொத்த மருந்து விற்பனை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, நாளடைவில் கம்ப்யூட்டர் பொறுப்பும் தலையில் விழுந்த வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவர்களிடம் இருப்பது பழையதாக வாங்கிய டெல் பவர்எட்ஜ் ஆர்710 சர்வர். அதில் பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் பெர்க் 6/ஐ ரெய்டு கார்டு, 600 ஜிபி டிஸ்க் நான்கு, ரெய்டு 5. சென்ட்ஓஎஸ் 7-இல் பில்லிங் மென்பொருள் பல வருடமாக ஓடுகிறது. அடுத்த பதிப்புக்கு ரெட்ஹேட் 9 அல்லது அதற்கு இணையான லினக்ஸ் கட்டாயம் என்று மென்பொருள் விற்ற நிறுவனம் சொல்லிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரெட்ஹேட்டுக்கு இணையான ராக்கி லினக்ஸ் 9-ஐ நிறுவும் மென்பொருள் (இன்ஸ்டாலர்) உள்ள பென்டிரைவைப் போட்டுப் பார்த்தார். எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில் ஒரு டிஸ்க் கூட இல்லை. மென்பொருள் நிறுவனத்தின் ஆள் வந்து பார்த்து, “கார்டு போச்சு, புது சர்வர் வாங்குங்க” என்றிருக்கிறார். தெரிந்தவர் ஒருவர் போனில், “கண்ட்ரோல்-ஆர் அழுத்தி விர்ச்சுவல் டிஸ்க்கை அழித்துவிட்டுத் திரும்ப உருவாக்கு, தெரிந்துவிடும்” என்றிருக்கிறார். சென்ட்ஓஎஸ் 7-இல் இருந்த டிரைவர் கோப்பை (கார்டோடு லினக்ஸ் பேச உதவும் மென்பொருள்) எடுத்து இன்ஸ்டாலரில் ஏற்றிப் பார்த்ததில், மாட்யூலின் வடிவம் செல்லாது என்ற பிழைதான் வந்தது. இதற்கிடையில் முதலாளிக்கு, புது சர்வர் வாங்க வைக்க இவர்கள் கதை கட்டுகிறார்களோ என்ற சந்தேகம். “கார்டு உண்மையிலேயே பழுதா? அழித்து உருவாக்கலாமா? முதலாளியிடம் என்ன சொல்வது?” என்று மூன்று கேள்விகளோடு கடிதம் முடிகிறது.

முதலில் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் ஆபத்து இருக்கிறது. அழிக்காதீர்கள். கண்ட்ரோல்-ஆர் அழுத்தினால் வரும் கார்டின் அமைப்புத் திரைக்குள் போய் எதையும் மாற்றாதீர்கள். விர்ச்சுவல் டிஸ்க்கை, அதாவது கார்டு நான்கையும் சேர்த்து ஒன்றாகக் காட்டும் டிஸ்க்கை, அழித்தால் நான்கு டிஸ்க்கிலும் பரவியிருக்கும் உங்கள் பில், இருப்பு, வாடிக்கையாளர் பாக்கி எல்லாம் ஒரே நொடியில் கைவிட்டுப் போகும். அப்படி அழித்தாலும் நீங்கள் தேடும் பலன் கிடைக்காது. இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியாததற்குக் காரணம் டிஸ்க்கில் எழுதியிருக்கும் ரெய்டு அமைப்பு இல்லை. புதிதாக உருவாக்கினாலும் அதே வெறும் திரைதான் வரும், தரவு மட்டும் போயிருக்கும். போனில் அப்படிச் சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். புதிய சர்வரில் விர்ச்சுவல் டிஸ்க்கே உருவாக்காமல் விட்டால் இன்ஸ்டாலரில் ஒன்றும் தெரியாது, அந்த அனுபவத்தில் சொல்லியிருப்பார். உங்கள் நிலை வேறு. நீங்கள் கையை வைக்காமல் எழுதிக் கேட்டது மிகச் சரியான காரியம்.

அடுத்து, கார்டு பழுதா என்ற கேள்வி. உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது. பென்டிரைவை எடுத்துவிட்டு ரீபூட் செய்ததும் சென்ட்ஓஎஸ் 7 வழக்கம்போல வந்தது, மறுநாள் காலை பில் போட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். செத்துப்போன கார்டு வழியாக நான்கு டிஸ்க்கிலிருந்து ஒரு சிஸ்டம் பூட் ஆக முடியாது. கார்டு வேலை செய்கிறது.

அப்படியானால் ஏன் தெரியவில்லை

சர்வரில் செருகியிருக்கும் ஒவ்வொரு கார்டும் தன் அடையாளமாக இரண்டு எண்களைச் சொல்லும். முதல் எண் சில்லைத் தயாரித்த நிறுவனம், இரண்டாவது எண் மாடல். பெர்க் 6/ஐ டெல் பெயரில் வந்தாலும் உள்ளே இருப்பது எல்எஸ்ஐ நிறுவனத்தின் எஸ்ஏஎஸ் 1078 என்ற சில். அதன் எண் 1000:0060. லினக்ஸில் இதற்கான டிரைவர் மெகாரெய்டு-எஸ்ஏஎஸ். ஒவ்வொரு டிரைவரும் தான் கவனித்துக்கொள்ளும் எண்களின் பட்டியலைத் தன்னோடு வைத்திருக்கும். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல், கார்டின் எண்ணையும் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் இரண்டையும் சேர்த்துவைக்கும்.

2019-இல் ரெட்ஹேட் 8 வந்தபோது, பழைய ரெய்டு கார்டுகள் பலவற்றின் எண்களை அவர்கள் இந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். டிரைவர் இருக்கிறது, புதிய மெகாரெய்டு கார்டுகளுக்கு அது வேலையும் செய்கிறது, 1000:0060 மட்டும் அதில் இல்லை. மாணவன் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறான், வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை அடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராக்கி லினக்ஸ் ரெட்ஹேட் தருவதை அப்படியே பின்பற்றுவதால் அங்கும் இதே கதை.

ரெட்ஹேட் செய்ததில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பத்து வருடம் ஆதரவு தருகிறேன் என்று பணம் வாங்கும் நிறுவனம், தயாரித்தவர்களே கைவிட்ட கார்டுகளைத் தொடர்ந்து சோதித்துக்கொண்டிருக்க முடியாது. எந்தெந்த எண்களை நீக்கினோம் என்று அவர்கள் ஆவணத்தில் பட்டியலே போட்டிருக்கிறார்கள். குறை வேறு இடத்தில் இருக்கிறது. இன்ஸ்டாலர் திரையில், ‘உங்கள் கார்டு இருக்கிறது, இந்தப் பதிப்பு அதை ஆதரிக்கவில்லை’ என்று ஒரு வரி வந்திருந்தால் உங்களுக்கு இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது, யாரும் கார்டு போச்சு என்று சொல்லியிருக்கவும் மாட்டார்கள்.

லினக்ஸ் கர்னலின் மூலத்தில் இந்தக் கார்டுக்கான ஆதரவு இன்னமும் இருக்கிறது. நீக்கியது ரெட்ஹேட் தன் தொகுப்பில் மட்டும்தான். அதனால் டெபியன் போன்ற வேறு லினக்ஸ்கள் இந்தக் கார்டை எந்தக் கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். “லினக்ஸ் இதை ஆதரிக்காது” என்று உங்களிடம் யாராவது சொன்னால், எந்த லினக்ஸ் என்று திருப்பிக் கேளுங்கள்.

இதை நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளலாம், டிஸ்க்கில் ஒரு எழுத்து கூட எழுதாமல். ராக்கி இன்ஸ்டாலர் திரையில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப்1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அங்கே கண்ட்ரோல்-பி அழுத்திவிட்டு 2 அழுத்தினால் கட்டளை கொடுக்கும் இடம். ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையை என், என், கே ஆகிய தெரிவுகளோடு ஓட்டுங்கள். ரெய்டு கார்டின் வரியில் 1000:0060 என்று இருக்கும். அதற்குக் கீழே எந்த டிரைவர் பயன்பாட்டில் இருக்கிறது என்று சொல்லும் வரி வர வேண்டும், அது மட்டும் வராது. அதே கட்டளையைச் சென்ட்ஓஎஸ் 7-இல் ஓட்டினால் அந்த வரி இருக்கும். இரண்டு திரையையும் போனில் படம் எடுத்து வையுங்கள், முதலாளியிடம் பேசும்போது உதவும்.

சென்ட்ஓஎஸ் 7-இன் டிரைவர் கோப்பு ஏறாததற்கும் இங்கேயே காரணம் சொல்லிவிடலாம். லினக்ஸ் டிரைவர் கோப்பு, எந்தக் கர்னலுக்காகத் தொகுக்கப்பட்டதோ அதிலோ அதற்கு மிக நெருக்கமான கர்னலிலோதான் ஏறும். சென்ட்ஓஎஸ் 7-இன் கர்னல் 3.10, ராக்கி 9-இன் கர்னல் 5.14. இடையில் உள்ளமைப்பு எவ்வளவோ மாறிவிட்டது. கட்டாயப்படுத்தி ஏற்றும் தெரிவு ஒன்று உண்டு. ரெய்டு கார்டு விஷயத்தில் அதைத் தொடவே தொடாதீர்கள். தப்பித் தவறி ஏறிவிட்டால் டிஸ்க்கில் தாறுமாறாக எழுத வாய்ப்பு இருக்கிறது.

எதற்கும் முன்னால் பேக்கப்

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வேலை இதுதான். கடிதத்தில் பேக்கப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை, அது எனக்குக் கவலையாக இருக்கிறது. ரெய்டு 5 இருப்பதால் பாதுகாப்பாக இருக்கிறோம் என்று பல அலுவலகங்களில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு டிஸ்க் செத்தால் ரெய்டு 5 தாங்கும், அவ்வளவுதான். யாராவது தவறுதலாக அழித்தாலோ, கார்டு தாறுமாறாக எழுதினாலோ, இரண்டாவது டிஸ்க்கும் போனாலோ அது காப்பாற்றாது. ஒரே சமயத்தில் வாங்கிய பழைய டிஸ்க்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவது அரிதான விஷயமும் இல்லை.

டேட்டாபேஸை ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பாக நகலெடுக்காதீர்கள். மென்பொருளை நிறுத்திவிட்டு, டேட்டாபேஸுக்கு உரிய முறையில் டம்ப் (முழுத் தரவின் நகல்) எடுங்கள். ஆர்710-இல் இருப்பது யுஎஸ்பி 2.0 மட்டும்தான், நொடிக்கு 30 எம்பி அளவில்தான் போகும். மொத்தத் தரவு 400 ஜிபி என்றால் நான்கு மணி நேரத்துக்கு நெருக்கமாக ஆகும். சனிக்கிழமை கடை அடைத்ததும் தொடங்குங்கள். எடுத்த டம்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, போன வாரத்து பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

அப்படியே டிஸ்க்குகளின் உடல்நிலையையும் பார்த்துவிடுங்கள். ரெய்டு கார்டுக்குப் பின்னால் இருப்பதால் டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரம் சாதாரணமாகத் தெரியாது. ‘ஸ்மார்ட்சிடிஎல்’ கட்டளையில் சாதன வகையாக மெகாரெய்டு என்றும் டிஸ்க்கின் எண்ணையும் கொடுத்தால் ஒவ்வொன்றாகச் சொல்லும். எல்எஸ்ஐயின் மெகாசிஎல்ஐ கருவியும் இந்தக் கார்டோடு பேசும். மீடியா பிழை எண்ணிக்கையும், முன்கூட்டியே பழுது எச்சரிக்கும் எண்ணிக்கையும் பூஜ்யமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒரு டிஸ்க்கில் ஏறிக்கொண்டே போகிறது என்றால் லினக்ஸ் மாற்றும் வேலையைத் தள்ளிவைத்து முதலில் அந்த டிஸ்க்கை மாற்றுங்கள்.

உங்கள் முன்னால் இருக்கும் வழிகள்

அப்படியே விட்டுவிடுவது ஒரு வழி என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சென்ட்ஓஎஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட் 2024 ஜூன் 30-ஓடு நின்றுவிட்டது. இன்டர்நெட்டிலிருந்து முழுக்கப் பிரித்து வைத்தால் சில மாதம் தள்ளலாம். ஆனால் உங்கள் கிளை அலுவலகம் வெளியிலிருந்து அதே சர்வரில் நுழைகிறது என்று எழுதியிருப்பதால், எனக்கு இதில் சம்மதம் இல்லை.

உங்கள் நிலையில் நான் முதலில் முயன்று பார்ப்பது அல்மாலினக்ஸ் 9. இதுவும் ரெட்ஹேட் 9-க்கு இணையானதுதான். ஆனால் 2024 மே மாதம் வந்த 9.4 பதிப்பிலிருந்து, ரெட்ஹேட் கைவிட்ட பழைய கார்டுகள் பலவற்றின் எண்களை அவர்கள் டிரைவர்களில் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். மெகாரெய்டு-எஸ்ஏஎஸ் அதில் ஒன்று. அவர்கள் வெளியீட்டுக் குறிப்பில் எண்களின் பட்டியலும் இருக்கிறது, 1000:0060 இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, 9.4-க்குப் பிறகான புதிய இன்ஸ்டாலர் ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றுங்கள். டிஸ்க் தேர்வுத் திரை வரை போங்கள். 1.6 முதல் 1.8 டிபி அளவில் ஒரு டிஸ்க் தெரிந்தால் வெளியே வந்துவிடுங்கள், அன்றைக்கு அதற்கு மேல் ஒன்றும் செய்ய வேண்டாம். இந்த வழியின் பெரிய நன்மை, கர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் டிரைவர் கூடவே வரும். தனியாக எதையும் பராமரிக்க வேண்டாம்.

மென்பொருள் நிறுவனம் அல்மாவை ஏற்காது, ராக்கி அல்லது ரெட்ஹேட்தான் என்று பிடிவாதம் பிடித்தால், டிரைவர் டிஸ்க் வழி இருக்கிறது. இஎல்ரெப்போ என்ற சமூகத் திட்டம், ரெட்ஹேட் நீக்கிய டிரைவர்களை மறுபடி தொகுத்துத் தருகிறது. இன்ஸ்டாலருக்கென்று சிறிய ஐஎஸ்ஓ கோப்புகளும் அவர்களிடம் உண்டு. நீங்கள் நிறுவப்போகும் பதிப்பின் புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் வரை பொருந்துகிற கோப்பாக எடுக்க வேண்டும், இங்கேதான் பலர் தவறுகிறார்கள். 9.2-க்கு உரியதை 9.5 இன்ஸ்டாலரில் போட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். அதை இரண்டாவது பென்டிரைவில் எழுதிச் செருகிவிட்டு, பூட் மெனுவில் டேப் அழுத்தி, வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு ‘இன்ஸ்ட்.டிடி’ என்று ஆங்கிலத்தில் சேர்த்தால், எந்தச் சாதனத்தில் டிரைவர் இருக்கிறது என்று கேட்கும். பென்டிரைவின் பெயர் ஓஇஎம்டிஆர்வி என்று இருந்தால் கேட்காமலேயே எடுத்துக்கொள்ளும். இன்ஸ்டாலர் அந்த டிரைவரை நிறுவிய சிஸ்டத்திலும் சேர்த்துவிடும்.

கஷ்டம் அப்புறம்தான் வரும். நிறுவி ஆறு மாதம் கழித்து ஒரு பெரிய அப்டேட் வரும், ரீபூட் செய்தால் சிஸ்டம் டிஸ்க்கைக் காணவில்லை என்று நிற்கும். சிறு அப்டேட்களில் இஎல்ரெப்போ டிரைவர் புதிய கர்னலோடும் தானாகப் பொருந்திக்கொள்ளும். 9.5-இலிருந்து 9.6-க்குப் போவது போன்ற தாவலில் பொருந்தாமல் போகலாம், அப்போது அவர்கள் புதிதாகத் தொகுத்துத் தரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே இஎல்ரெப்போவின் களஞ்சியத்தைச் சிஸ்டத்தில் சேர்த்து வையுங்கள். கர்னல் அப்டேட் செய்ததும் உடனே ரீபூட் செய்யாதீர்கள். ‘எல்எஸ்இனிட்ஆர்டி’ கட்டளையால் புதிய கர்னலின் தொடக்கக் கோப்பைத் திறந்து பார்த்து, ‘எக்ஸ்ட்ரா’ அல்லது ‘வீக்-அப்டேட்ஸ்’ அடைவின் கீழ் இந்த டிரைவர் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகுதான் ரீபூட். பழைய கர்னலையும் மெனுவில் விட்டு வையுங்கள். தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிடுங்கள். இதையெல்லாம் நீங்கள் செய்வீர்கள், எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்கள் வேறு வேலைக்குப் போய்விட்டால் உங்கள் இடத்துக்கு வருபவருக்கு இது தெரியுமா? அந்த ஒரு காரணத்துக்காகவே நான் இதைக் கடைசி இடத்தில் வைக்கிறேன்.

மூன்றாவது வழியும் நல்ல வழி. சர்வரில் டெபியன் 12 அல்லது 13 நிறுவி, அதற்குள் விர்ச்சுவல் மெஷினாக, அதாவது மென்பொருளால் உருவாக்கிய கற்பனைக் கம்ப்யூட்டராக, ரெட்ஹேட் இணை லினக்ஸை ஓட்டுவது. ரெய்டு கார்டோடு பேசுவது டெபியனின் பொறுப்பு. உள்ளே இருக்கும் சிஸ்டத்துக்குத் தெரிவது ஒரு கற்பனை டிஸ்க் மட்டும், அதற்கு டிரைவர் எல்லாப் பதிப்பிலும் இருக்கும். உள்ளே ராக்கி 9 வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். இன்னொரு லாபமும் உண்டு: நாளைக்குப் புது சர்வர் வாங்கினால் அந்த மெஷினைக் கோப்பாகத் தூக்கிக்கொண்டு போகலாம், மறுபடி நிறுவ வேண்டியதில்லை.

இதில் இரண்டு இடத்தில் கவனம் தேவை. ஆர்710-இன் பயாஸில் பிராசசர் பகுதிக்குப் போய் விர்ச்சுவலைசேஷன் இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, மெஷின் உருவாக்கும்போது சிபியு வகையில் ‘ஹோஸ்ட்’ என்று கொடுங்கள். ரெட்ஹேட் 9 குடும்பம் எக்ஸ்86-64-வி2 என்ற சிபியு தரத்துக்குக் கீழே ஓடாது. உங்கள் ஜியான் 5600 வரிசைக்கு அந்தத் தரம் உண்டு, ஆனால் மிகப் பழைய பொதுவகை சிபியுவைத் தேர்ந்தெடுத்தால் உள்ளே இருக்கும் சிஸ்டத்துக்கு அது தெரியாமல், தொடங்கும்போதே நின்றுவிடும். அதே காரணத்தால் ரெட்ஹேட் 10 இந்தச் சர்வரில் ஓடாது. அது கேட்கும் வி3 தரம் 2013-இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையில்தான் தொடங்குகிறது. ரெட்ஹேட், ராக்கி இரண்டிலும் உங்கள் சர்வருக்கு 9 தான் உச்சி. ரெட்ஹேட் 9 குடும்பத்துக்கான அப்டேட் 2032 வரை உண்டு என்பதால் லினக்ஸ் பக்கம் அவசரம் இல்லை. இரும்புப் பக்கம் அதுவரை தாங்குமா என்பது வேறு கேள்வி.

டெபியன் பற்றி ஒரு சிறு தகவல். ஆர்710-இன் நெட்வொர்க் சில்லுக்குத் தனி ஃபர்ம்வேர் கோப்பு வேண்டும். டெபியன் 11 வரை இன்ஸ்டாலர் அதைக் கேட்டு நிற்கும், பலர் அங்கேயே கைவிட்டிருக்கிறார்கள். 12-லிருந்து அந்தக் கோப்புகள் இன்ஸ்டாலரிலேயே வந்துவிட்டன. டிஸ்க் பிரச்சினை தீர்ந்ததும் நெட்வொர்க்கையும் சோதிக்க மறக்காதீர்கள். எந்த லினக்ஸானாலும் ரெய்டு கார்டைப் போலவே நெட்வொர்க் கார்டுக்கும் இந்த எண் விவகாரம் பொருந்தும்.

கார்டை மட்டும் மாற்றினால்?

“பழைய மார்க்கெட்டில் எச்700 கார்டு மலிவாகக் கிடைக்கிறது, அதை வாங்கிப் போட்டால் ராக்கி 9 ஏற்குமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு வாங்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. எச்700-இன் எண் 1000:0079. ரெட்ஹேட் நீக்கிய பட்டியலில் அதுவும் இருக்கிறது. டெல்லின் இன்னொரு கார்டான எச்200-இல் இருக்கும் எஸ்ஏஎஸ் 2008 சில்லும், 1000:0072, அதே பட்டியலில்தான். கேபிள், பொருத்தும் இடம் எல்லாவற்றையும் சரி செய்து, பணமும் செலவழித்து, கடைசியில் அதே வெறும் திரையின் முன்னால் நின்றிருப்பீர்கள். எந்தக் கார்டு வாங்குவதானாலும் விலை கேட்பதற்கு முன்னால் அதன் எண்ணைக் கேளுங்கள். இஎல்ரெப்போ தளத்தில் எண்ணை வைத்துத் தேடும் பக்கம் உண்டு. அங்கே ஒரு எண்ணுக்குத் தனி டிரைவர் தொகுப்பு காட்டினால், ரெட்ஹேட்டில் அதற்கு ஆதரவு இல்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வேறு சர்வர் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் இது பயன்படும்: எச்பியின் பி410ஐ கார்டு, எல்எஸ்ஐ 1068 சில் உள்ள கார்டுகள் ஆகியவற்றுக்கும் இதே நிலைதான், இதே வழிகள்தான். அதைவிடப் பழைய எச்பி கார்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அவற்றின் பழைய டிரைவரான சிசிஐஎஸ்எஸ் கர்னல் 4.14-இல் நீக்கப்பட்டு, எச்பிஎஸ்ஏ அந்த வேலையை ஏற்றது. அதனால் டிஸ்க்கின் பெயரே மாறிப்போகும். பழைய பெயரை நம்பி எழுதிய மவுண்ட் வரிகள் எல்லாம் நிற்கும். பெயருக்குப் பதிலாக மாறாத அடையாள எண்ணான யுயுஐடி கொடுத்து எழுதியிருந்தால் பாதிப்பு இல்லை.

நிறுவும் நாளன்று

600 ஜிபி டிஸ்க்குகள் மூன்றரை அங்குலம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வகை ஆர்710-இல் ஆறு இடம் உண்டு. நான்கில் உங்கள் டிஸ்க்குகள், இரண்டு காலி. நான் செய்யச் சொல்வது இது: நல்ல டிஸ்க் இரண்டு வாங்குங்கள், ஒவ்வொன்றும் 2 டிபிக்கு மேல் போகாமல். பெர்க் 6/ஐ அதற்கு மேல் முழு அளவைப் பார்க்காது. சர்வரை முழுதாக அணைத்து, பழைய நான்கு டிஸ்க்கிலும் எந்த இடத்தில் இருந்தது என்று எண் எழுதி ஒட்டி, வெளியே எடுத்துப் பத்திரமாக வையுங்கள். புதிய இரண்டை மட்டும் போட்டு, கண்ட்ரோல்-ஆர் திரையில் அவற்றை ரெய்டு 1 ஆக (இரண்டிலும் ஒரே தரவு) உருவாக்கி, அதில் புதிய லினக்ஸை நிறுவுங்கள். பேக்கப்பிலிருந்து தரவை ஏற்றுங்கள். இந்தக் கார்டு டிஸ்க்கை நேரடியாக லினக்ஸிடம் கொடுக்காது, விர்ச்சுவல் டிஸ்க் உருவாக்கினால்தான் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள்.

திங்கட்கிழமை காலை ஏதாவது தகராறு என்றால், அணைத்து, புதியவற்றை எடுத்து, பழைய நான்கையும் அதே இடங்களில் செருகிவிட்டால் பழைய சென்ட்ஓஎஸ் 7 திரும்ப வந்துவிடும். அப்போது கார்டு, அந்நிய ரெய்டு அமைப்பு கிடைத்திருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்கலாம். பதற வேண்டாம். எஃப் என்ற எழுத்தை அழுத்தினால் அது இம்போர்ட், பழைய அமைப்பை அப்படியே ஏற்றுக்கொள்ளும். கட்டமைப்புத் திரைக்குள் போனால் அங்கே ‘கிளியர்’ என்றும் ஒரு தெரிவு இருக்கும். அதை மட்டும் தொடக் கூடாது. இதை ஒரு தாளில் எழுதி சர்வர் மேலேயே ஒட்டி வையுங்கள், நீங்கள் இல்லாத நாளில் வேறு யாராவது அந்தத் திரையின் முன்னால் நிற்கக்கூடும்.

கார்டின் பேட்டரி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இத்தனை வருடத்தில் அது பெரும்பாலும் வலுவிழந்திருக்கும். பேட்டரி போனால் கார்டு எழுதும் வேலையை மெதுவாக, நேரடியாக டிஸ்க்கில் செய்யும். வேகம் குறையும், தரவுக்குப் பாதிப்பு இல்லை. வேகம் வேண்டும் என்று பேட்டரி இல்லாமலேயே, கார்டின் நினைவகத்தில் (கேஷ்) வைத்துப் பிறகு டிஸ்க்கில் எழுதும் ரைட்-பேக் முறையைக் கட்டாயப்படுத்தும் தெரிவை இயக்கிவிடாதீர்கள். கரன்ட் போகும் நேரத்தில் கேஷில் இருக்கும் பில் எல்லாம் காணாமல் போகும்.

முதலாளியிடமும், மென்பொருள் நிறுவனத்திடமும்

முதலாளியின் சந்தேகத்தைத் தவறு என்று சொல்ல முடியாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சர்வரைப் பழுது என்று ஒருவர் சொன்னால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நீங்கள் எடுத்த இரண்டு படங்களைக் காட்டி, “ஐயா, கார்டு நல்லாத்தான் இருக்கு. புதுப் பதிப்பு இந்த மாடலை விட்டுட்டாங்க. இப்போதைக்கு வேற வழி இருக்கு” என்று உள்ளதைச் சொல்லுங்கள். கூடவே இன்னொரு உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: ஆர்710 சந்தைக்கு வந்தது 2009-இல். டிரைவர் கிடைத்துவிட்டது என்பதால் பவர் சப்ளையும் டிஸ்க்கும் இளமையாகிவிடாது. இந்த வருடம் புது சர்வர் வேண்டாம் என்றால் சரி, அதற்குப் பதிலாக இரண்டு டிஸ்க், பேக்கப்புக்கு வெளி ஹார்டு டிஸ்க் இரண்டு, முடிந்தால் புது பேட்டரி, இவற்றுக்கு மட்டும் அனுமதி கேளுங்கள். அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்குள் புது சர்வருக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதையும் இப்போதே மின்னஞ்சலில் எழுதிப் போட்டுவிடுங்கள். பின்னால் ஏதாவது நடந்தால் பழி உங்கள் மேல் வராது.

மென்பொருள் நிறுவனத்திடம் நீங்கள் கேட்க உரிமையுள்ள விஷயங்கள் இருக்கின்றன. வருடப் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒப்பந்தத்தை எடுத்து, எந்த லினக்ஸ், எந்தப் பதிப்பு என்று அதில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். ‘இணையான’ என்று மட்டும் எழுதியிருந்தால் அல்மா அதில் அடங்குமா என்பதை அவர்கள் எழுத்தில் சொல்லட்டும். விர்ச்சுவல் மெஷினில் ஓட்டினால் ஆதரவு உண்டா என்பதையும் கேளுங்கள். மறுபக்கம், இஎல்ரெப்போ டிரைவரால் சிஸ்டம் நின்றால் அதைச் சரி செய்து கொடுக்க வேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. ரெட்ஹேட்டுக்கும் இல்லை. தன்னார்வலர்களான இஎல்ரெப்போ ஆட்களுக்கும் இல்லை. அந்தப் பொறுப்பு உங்கள் அலுவலகத்தின் மேல்தான் இருக்கும், முடிவு எடுக்கும்போது முதலாளிக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

வந்து பார்த்தவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அவர் பில்லிங் மென்பொருள் தெரிந்தவர், ரெய்டு கார்டு அவருடைய துறை இல்லை. அவருடைய அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: கார்டின் எண், அல்மா 9 இன்ஸ்டாலரில் டிஸ்க் தெரிந்த படம், மேலே சொன்ன இரண்டு கேள்விகள். அல்மாவுக்குச் சரி என்று பதில் வந்தால் முதல் வழி. விர்ச்சுவல் மெஷினுக்கு மட்டும் சரி என்றால் டெபியன் வழி. இரண்டுக்கும் மறுத்தால்தான் ராக்கியும் டிரைவர் டிஸ்க்கும். பதில் வருவதற்குள் பேக்கப் எடுத்து, அதைத் திறந்து பார்க்கும் வேலையை முடித்துவிடுங்கள்.